ராஜம்மா குளிக்கும் தொட்டி

புதுச்சத்திரம்,
8-2-1937

அத்தாயிக்குக் காளியண்ணன் எழுதுவது.

ஆறு மாதமாக உன் அண்ணனுக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் பதிலின் அடியில் நீ ஒரு வரியாவது சேர்த்திருப்பாயோ என்று ஒவ்வொரு தடவையும் பின்பக்கம் திருப்பிப் பார்ப்பேன். இருக்காது. அதனால் இந்தத் தடவை நேராக உனக்கே எழுதிவிட்டேன்.

மச்சான் போன வாரம் எழுதியதைப் படித்தேன். ராஜம்மாவுக்குப் புண் ஆறிவிட்டது, ஆனால் வெந்த தோல் சுருங்கி வலது முழங்கால் மடங்கினபடியே நின்றுவிட்டது என்று எழுதியிருந்தார். தினம் இரண்டு வேளை இடுப்பு அளவு இளஞ்சூடான தண்ணீரில் உட்காரவைத்து, தண்ணீருக்குள்ளேயே காலை நீவி நீட்ட வேண்டுமாம். இரண்டு வருஷம் விடாமல் செய்தால் நடப்பாள், நான்கு வயதுக் குழந்தை என்பதால் எலும்பு சொன்னபடி கேட்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

இரண்டு வருஷம் உன் அண்ணன் வீட்டில் எப்படி முடியும்? அது இரண்டே அறை உள்ள வீடு. ஆகையால் இங்கே கொல்லையில் நாம் குளிக்கிற பொடக்காணியை இடித்துவிட்டு, கூரையும் கதவும் வைத்து ஒரு குளியல் அறை கட்ட ஆரம்பித்துவிட்டேன். குழந்தை விழுந்த அந்தப் பழைய செப்பு வெந்நீர் அண்டாவை அடுப்போடு பெயர்த்து எடுத்தாயிற்று. அது இனி அந்த இடத்தில் இருக்காது.

மேஸ்திரி மாதையன் தொட்டியைக் கல்லில் குடைந்துவிடலாம் என்கிறான். நாமக்கல் பக்கமிருந்து ஒரே கல்லாகக் கொண்டுவந்தால் ஆயுசுக்கும் கவலை இல்லையாம். குழந்தை கால் நீட்டி உட்கார்ந்தால் எவ்வளவு நீளம் வேண்டும் என்று அளந்து எழுது. சித்திரைக்குள் வேலை முடிந்துவிடும். நீ என்றைக்கு வருகிறாய் என்பதையும் சேர்த்து எழுது.

காளியண்ணன்


குகை, சேலம்,
14-2-1937

மாமாவுக்கு அத்தாயி எழுதுவது.

என் எழுத்து கோணலாக இருக்கும். குழந்தையைத் தூக்கின அன்று வெந்த வலது கையில் தோல் இன்னும் இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. இத்தனை நாள் எழுதாததற்கு அது மட்டும் காரணம் இல்லை.

அளவு கேட்டிருந்தீர்கள். இதனுடன் ஒரு நூல் வைத்திருக்கிறேன். உட்கார்ந்த இடத்திலிருந்து அவள் இடது கால் எட்டுகிற தூரத்தில் ஒரு முடிச்சு, வலது கால் எட்டுகிற தூரத்தில் ஒரு முடிச்சு. இரண்டையும் பாருங்கள்.

கல் தொட்டி மாட்டுக்குச் சரி. கல் சூட்டைக் குடித்துவிடும். ஊற்றின வெந்நீர் அவள் உட்காருவதற்குள் பச்சைத் தண்ணீராகிவிடும். குளிர் பட்டால் அந்தத் தோல் இன்னும் இறுகும் என்று நர்சம்மா சொல்லியிருக்கிறார். செம்பும் ஆகாது. செம்பு நிறத்தில் எந்தப் பாத்திரத்தைப் பார்த்தாலும் கத்துகிறாள். உள்ளே இருட்டாக இருக்கிறது, அடி தெரியவில்லை என்கிறாள். குடிக்கிற செம்பைக்கூட ஒளித்துவைத்துவிட்டு மண் குவளையில் தண்ணீர் கொடுக்கிறோம்.

செவ்வாய்ப்பேட்டையில் தகரத்தில் தொட்டி செய்து தருகிறார்கள். அது போதும். இரண்டு ஆள் தூக்கி வண்டியில் வைத்து எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். தரையில் பதிக்கிற தொட்டி எனக்கு வேண்டாம்.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையைக் கொண்டுவந்த வாரம், உங்கள் பங்காளிகள் எல்லாரும் களத்தில் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் அக்கா என்ன சொன்னார்? "கடைசியா வெந்நி மோந்தவ இவதானுங்க. மூடியப் போடாம வந்துட்டா. பெத்தவளுக்கே கவனமில்லீனா ஆரு என்ன பண்றது?" என்றார். நான் இல்லை என்று சொல்லவில்லை. விடியக்காலம் அவருக்காக ஒரு குடம் மோந்தது நான்தான். மூடியைத் தள்ளினது ஞாபகம் இருக்கிறது. திரும்ப இழுத்து மூடினேனா என்பது எவ்வளவு யோசித்தாலும் தெரியவில்லை. மூடினேன் என்று ஒரு நாள் தோன்றும், மறுநாள் இல்லை என்று தோன்றும்.

ஆனால் நீங்கள் எனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தீர்கள். அன்றைக்கு மத்தியானமே நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அத்தாயி


புதுச்சத்திரம்,
22-2-1937

அத்தாயிக்கு.

நூல் வந்தது. இரண்டு முடிச்சுக்கும் நடுவில் என் நாலு விரல் அடங்குகிறது. மாதையனிடம் முதல் முடிச்சை மட்டும்தான் காட்டினேன்.

வண்டியில் ஏற்றுகிற தொட்டி வேண்டும் என்று நீ எழுதியதற்கு அர்த்தம் புரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. உன் வீடு இது. உன் மகளுக்காக இங்கே சுவர் எழுப்பிக்கொண்டிருக்கும்போது, தூக்கிக்கொண்டு போகிற சாமான் போதும் என்று எழுதுகிறாய். வருத்தமாகத்தான் இருந்தது.

கல் வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். செங்கல் கட்டி மேலே சிமிட்டி பூசலாம். பாலம் கட்டுகிற இடத்தில் வேலை பார்த்தவன் மாதையன். கண்ணாடி மாதிரி தேய்த்துத் தருகிறேன் என்கிறான்.

வெந்நீர் அடுப்பு அறைக்கு வெளியே தனியாக இருக்கும். குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைத்து, அதற்குக் கீல் போட்ட மூடி செய்யச் சொல்லியிருக்கிறேன். கையை எடுத்தால் தானே விழுந்து மூடிக்கொள்ளும். அன்றைக்குப் போல மூடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு மறந்துபோகிற பேச்சுக்கே இனி இடம் கிடையாது.

அக்கா பேசியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. புருஷன் போன பிறகு இந்த வீடே கதி என்று இருக்கிறவள். குழந்தை வெந்ததைப் பார்த்த மனக்கஷ்டத்தில் பேசிவிட்டாள்.

காளியண்ணன்


குகை, சேலம்,
4-3-1937

மாமாவுக்கு.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே அண்ணன் தகரத் தொட்டி ஒன்று செய்துகொண்டு வந்துவிட்டார். நான்கு நாள்தான் ஓடிற்று. ஈயம் வைத்துப் பற்றவைத்த இடம் உள்பக்கம் விளிம்பாக நின்றிருக்கிறது. கையால் தடவினால் தெரியாது, அந்தத் தோலுக்குத் தெரிகிறது. ஐந்தாம் நாள் தண்ணீர் சிவந்தது. ஆறின தொடையில் விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. தகரம் வேண்டும் என்று கேட்டவள் நான், அதனால் யாரையும் குறை சொல்வதற்கில்லை.

சிமிட்டியைப் பற்றி நர்சம்மாவிடம் கேட்டேன். புதுச் சிமிட்டியில் நிற்கிற தண்ணீர் காரமாக இருக்கும், நல்ல தோலிலேயே எரியும், மாதக்கணக்கில் தண்ணீர் நிறுத்தி நிறுத்திக் கொட்டினால்தான் அடங்கும் என்றார். எவ்வளவு தேய்த்தாலும் நாளாக நாளாக மேலே சொரசொரப்பு ஏறும் என்றும் சொன்னார். மாதையனிடம் சொல்லுங்கள்.

இனி எழுதுவதை நிதானமாகப் படியுங்கள்.

அந்த மூடியை நான் ஒரு நாளும் தூக்கினதில்லை. பலாப் பலகை, என்னால் தூக்க முடியாது. குடம் நுழைகிற அளவுக்குப் பக்கவாட்டில் தள்ளுவேன், மோந்ததும் இழுப்பேன். உங்கள் அக்காவும் அப்படித்தான் செய்வார். தூக்கிச் சுவரில் சாய்க்கிற ஆள் அந்த வீட்டில் ஒருவர்தான்.

அன்றைக்கு மூடி எங்கே இருந்தது என்று நான் பார்க்கவில்லை. குழந்தையைத்தான் பார்த்தேன். சத்தம் கேட்டு நீங்கள் காட்டிலிருந்து ஓடிவந்தபோது எங்களை வண்டியில் ஏற்றியாகிவிட்டது. நீங்களும் அதே வண்டியில் ஏறிச் சேலம் வந்தீர்கள். பொடக்காணிப் பக்கம் போகவே இல்லை. நாம் திரும்பிப் போவதற்குள் உங்கள் அக்கா அந்த மூடியை விறகுக் குவியலில் போட்டுவிட்டார்.

அப்படியானால் அது சுவரில் சாய்ந்திருந்தது என்று உங்களுக்கு யார் சொன்னது?

அத்தாயி


புதுச்சத்திரம்,
21-3-1937

அத்தாயிக்கு.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. சிமிட்டியை நிறுத்திவிட்டேன். கட்டின வரைக்கும் இடித்தாயிற்று. மாதையனுக்குக் கோபம்.

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்புகிறார், பங்களாச் சாமான்களை ஏலம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கே ஒரு குளிக்கும் தொட்டி இருந்தது. வார்ப்பு இரும்பு. உள்ளே முழுக்கப் பீங்கான் மாதிரி வெள்ளைப் பூச்சு. எனாமல் என்கிறார்கள். ஒட்டோ, பற்றுவைப்போ, மூலையோ எதுவும் இல்லை. சட்டையைக் கழற்றி உள்ளே உட்கார்ந்து முதுகாலும் காலாலும் தேய்த்துப் பார்த்தேன். ஏலத்துக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். விளிம்புப் பக்கம் ஒரு இடத்தில் மட்டும் நகம் அளவு பூச்சு உதிர்ந்து இரும்பு தெரிகிறது. அது தண்ணீருக்கு மேலே நிற்கும், உடம்பில் படாது. உள்ளே தண்ணீர் விட்டுப் பார்த்தேன். அடி பளிச்சென்று தெரிகிறது. ராஜம்மா அடி தெரியவில்லை என்று சொல்வதாக எழுதியிருந்தாயே, அதை நினைத்துத்தான் வாங்கினேன்.

எட்டுப் பேர் சேர்ந்து தூக்கினோம். காப்பி மூட்டை ஏற்றுகிற லாரியில் மலை இறக்கி, அஸ்தம்பட்டியில் நம் வண்டிக்கு மாற்றி, மறுநாள் ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். வைக்கோல் பரப்பி இறக்கினோம். ஒரு கீறல் இல்லை.

நீ கேட்ட இன்னொரு விஷயத்தை நேரில் பேசிக்கொள்ளலாம்.

காளியண்ணன்


குகை, சேலம்,
25-3-1937

அஸ்தம்பட்டியிலிருந்து புதுச்சத்திரம் போகிற வண்டி எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போக வேண்டும். அண்ணன் தாம் வாத்தியாராக இருக்கிற பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்தார். வெள்ளைத் தொட்டி ஒன்று வண்டியில் போனதையும், பின்னால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை நடந்து போனதையும் அவரும் பார்த்தார், பள்ளிக்கூடமே பார்த்தது. அவர் கூப்பிட்டாராம். நீங்கள் காதில் வாங்கவில்லை.

மகளுக்காகத் தொட்டி வாங்கினவர், மகள் இருக்கிற தெருவுக்குள் திரும்பவில்லை. எட்டு மாதத்தில் எத்தனை தடவை வந்து பார்த்தீர்கள்? வருகிறபோதெல்லாம் வாசலில் நின்று மிட்டாய்ப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள்.

நேரில் பேசுவதற்கு ஒன்றும் இல்லை. எழுத்தில் கேட்டேன், எழுத்தில் பதில் வேண்டும். மூடியைத் திறந்து வைத்தது யார்?

அத்தாயி


புதுச்சத்திரம்,
30-3-1937

அத்தாயிக்கு.

நான்தான்.

அன்றைக்கு வெள்ளைக் காளைக்கு முன்னங்காலில் முள் ஏறிச் சீழ் வைத்திருந்தது. வெந்நீரில் கழுவலாம் என்று காட்டில் மாடு கட்டுகிற சாளையிலிருந்து கொல்லைப் படல் வழியாக வந்தேன். நீ உள்ளே கேழ்வரகு திரிக்கிற சத்தம் கேட்டது. மூடி சரியாகத்தான் மூடியிருந்தது. நீ இழுத்து மூடியிருந்தாய். அதை நான் கண்ணால் பார்த்தேன். எத்தனை பேர் என்ன சொன்னாலும் அது உனக்குத் தெரிய வேண்டும்.

மூடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்தேன். இரண்டு குடம் மோந்தேன். இரண்டு கையிலும் குடம் இருந்தது. மூட வேண்டும் என்று நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது. மாட்டுக்கு ஊற்றிவிட்டு வந்து மூடிக்கொள்ளலாம் என்று போனேன். போன இடத்தில் காளை மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டது. அதைப் பிடித்துக் கட்டுவதற்குள் உன் சத்தம் கேட்டது.

வண்டியில் வரும்போது, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, "மாமா, நான் மூடியப் போட்டேனுங்களா?" என்று கேட்டாய். நீ ஆறு தடவை கேட்டாய். நான் ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை. முதலில் குழந்தை பிழைக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். பிழைத்தது. நீ கட்டிலுக்குப் பக்கத்தில் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் சொல்லப் பயம் வந்துவிட்டது. களத்தில் அக்கா பேசினபோது, நீ இல்லை என்று மறுத்தால் எழுந்து சொல்லிவிட வேண்டும் என்று காத்திருந்தேன். நீ மறுக்கவில்லை. அதுவே எனக்குச் சாக்காகிவிட்டது.

உங்கள் தெருவுக்குள் திரும்பாமல் போனதற்கும் இதுதான் காரணம். நீ கேட்டிருந்த கேள்வி என் சட்டைப் பையில் இருந்தது.

நீ என்ன முடிவு செய்தாலும் சரி.

காளியண்ணன்


குகை, சேலம்,
6-4-1937

மாமாவுக்கு.

கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. அண்ணனிடம் கொடுக்கவில்லை. நானே திரும்பத் திரும்பப் படித்தேன்.

மறதி எல்லாருக்கும் வரும். வண்டியில் வரும்போதே சொல்லியிருந்தால் உங்கள் மேல் விழுந்து அடித்திருப்பேன், பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருப்போம். மறந்ததற்கு நான் உங்களை ஒன்றும் சொல்லப்போவதில்லை.

ஆனால் எட்டு மாதம், மாமா. தினம் இரண்டு வேளை அவள் காலை நீட்டும்போது கத்துவாள். அந்தக் கத்தலில் ஒவ்வொன்றும் என்னால்தான் என்று நினைத்துக்கொண்டுதான் நீவினேன். கார்த்திகையில் ஒரு நாள் கொதிக்கிற பானைக்குள் வேண்டுமென்றே இடது கையை விடப்போனேன். அண்ணன் தட்டிவிட்டார். அதற்குப் பிறகு அடுப்பு வேலைக்கு என்னைத் தனியாக விடுவதில்லை. அவள் பெரியவளாகிக் கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு பதிலை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அம்மா மறந்துவிட்டேன் சாமி என்று. இதையெல்லாம் ஒரு வரியில் நிறுத்தியிருக்கலாம் நீங்கள். மூடி மூடித்தான் இருந்தது என்ற ஒரு வரி.

எனக்குக் காகிதத்தில் சொன்னது போதாது. அதே களத்தில், அதே ஆட்களை உட்காரவைத்துக்கொண்டு, உங்கள் அக்காவும் இருக்கும்போது சொல்ல வேண்டும். சொன்ன பிறகு எழுதுங்கள். அது வரைக்கும் தொட்டியைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம்.

அத்தாயி


புதுச்சத்திரம்,
17-4-1937

அத்தாயிக்கு.

வருஷப் பிறப்புக்கு மறுநாள் எல்லாரும் வந்திருந்தார்கள். செங்கோடப் பெரியப்பாவிடம் முதலிலேயே, ஒரு பேச்சு இருக்கிறது, யாரும் எழுந்து போக வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தேன்.

நான் நின்றுகொண்டே சொன்னேன். "அன்னைக்கு மூடியத் தொறந்து வெச்சது நானுங்க. அத்தாயி இல்லீங்க. அவ மூடித்தான் வெச்சிருந்தா. எட்டு மாசமா வாயத் தொறக்காம இருந்துட்டனுங்க." 

பெரியப்பா, "அன்னைக்கே சொல்லியிருந்தா அந்தப் புள்ள ஊட்ட உட்டுப் போயிருக்க மாட்டாளே சாமி" என்றார்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்கா எழுந்து, "பொண்டாட்டியக் கூட்டியாறதுக்குப் பழியத் தூக்கித் தன் தலைமேல போட்டுக்கறான். இதை ஆரு நம்புவாங்க?" என்று கேட்டாள். பாதிப் பேர் முகத்தில் அதே எண்ணம்தான் இருந்தது. நல்ல புருஷன் என்று இரண்டு பேர் என் தோளைத் தட்டினார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உண்மையை மறைத்து வைத்திருந்தேன், பொய்யை நம்பினார்கள். உண்மையைச் சொன்னேன், நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

அதனால் நம்பாதவர்கள் வீட்டுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறேன். எந்தப் படல் வழியாக வந்தேன், எத்தனை குடம் மோந்தேன், காளைக்கு எந்தக் காலில் முள் என்று உட்கார்ந்து சொல்கிறேன். இன்றோடு ஐந்து வீடு. அக்காவிடம் தினம் சொல்கிறேன். முந்தாநாள் வரைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நேற்று திருப்பவில்லை. அந்த மூடியை அன்றைக்குச் சுவரோரம் இருந்துதான் எடுத்து விறகில் போட்டேன் என்று அவளாகவே சொன்னாள். அதைச் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனவள் மத்தியானம் வரை வெளியே வரவில்லை.

தொட்டியைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன். மாதையன் நான்கு பக்கமும் செங்கல் வைத்துத் தரையோடு சேர்த்துக் கட்டிவிடலாம் என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்கு நான்கு கால் வார்த்திருக்கிறார்கள். வெறும் தரையில்தான் நிற்கிறது. சேலத்துக்கு அனுப்பு என்று நீ எழுதினால் மறுநாளே வண்டியில் ஏற்றிவிடுவேன்.

காளியண்ணன்


குகை, சேலம்,
23-4-1937

மாமாவுக்கு.

தொட்டி அங்கேயே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ராஜம்மாவை அண்ணனோடு அனுப்புகிறேன். பள்ளிக்கூடம் விடுமுறை விட்டாயிற்று, அவர் பதினைந்து நாள் அங்கே இருப்பார். முதல் நாள் நீவுகிற விதத்தை அவர் உங்களுக்குக் காட்டுவார். பிறகு அவர் கையை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் அக்காவும் வைக்க வேண்டாம்.

நான் வரவில்லை. வந்தால் நானே ஊற்றிவிடுவேன். நீங்கள் கதவுக்கு வெளியே நின்றுவிடுவீர்கள். ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கிறபோதெல்லாம் நீங்கள் வராந்தாவில்தான் நின்றீர்கள். அந்தக் காலை நீங்கள் இது வரைக்கும் முழுசாகப் பார்த்ததே இல்லை.

இரும்பு முதலில் சூட்டை இழுக்கும். அதனால் ஒரு குடம் வெந்நீர் விட்டுச் சுற்றிலும் அலசிக் கொட்டிவிட்டு, பிறகு விளாவின தண்ணீர் விடுங்கள். உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள், விரலை நம்ப வேண்டாம். அந்தப் பூச்சு வழுக்கும். பழைய துப்பட்டியை நாலாக மடித்து அடியில் போடுங்கள். தண்ணீரை அவள் கண் முன்னால் விடக் கூடாது. ஆவி பறப்பதைப் பார்த்தால் கத்துவாள். நீட்டும்போதும் கத்துவாள். நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் அன்றைய கத்தல் வீண்.

அவளை விட்டு ஒரு நாளும் இருந்ததில்லை. எப்படி இருக்கப்போகிறேன் என்று தெரியவில்லை.

அத்தாயி


புதுச்சத்திரம்,
4-5-1937

அத்தாயிக்கு.

ஒன்பது நாள் ஆயிற்று. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் நாள் மச்சான் தூக்கிக்கொண்டு வந்து கதவில் நின்றார். ராஜம்மா எட்டிப் பார்த்து, "அடி தெரியுதுங்கப்பா" என்றாள். அந்த மட்டும் சரி. ஆனால் நீ சொன்னதை நான் சரியாகச் செய்யவில்லை, தண்ணீர் இன்னும் லேசாக ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பார்த்ததும் மச்சான் கழுத்தை இறுக்கிக்கொண்டு அலறினாள். என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வேட்டியோடு நானே உள்ளே இறங்கி உட்கார்ந்துவிட்டேன். அப்படியே காத்திருந்தேன். தண்ணீர் ஆறிக்கொண்டே வந்தது. அழுகை ஓய்ந்து, அவளாகவே கையை நீட்டினாள். என் மடியில் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் அந்தக் காலைப் பார்த்தேன். அதைப் பற்றி உனக்கு நான் எழுத வேண்டியதில்லை.

முழங்காலை நீவி நீட்டினேன். என் கையைக் கடித்தாள். பல் பதிந்துவிட்டது. மூன்றாம் நாள் என்னால் முடியவில்லை, மச்சானைக் கூப்பிட்டேன். அவர் வரமாட்டேன் என்று வெளியிலிருந்தே சொல்லிவிட்டார். பிறகு நானே செய்தேன்.

ஐந்தாம் நாள் அவளிடம் சொன்னேன். "ராஜம்மா, அன்னைக்கு மூடியத் தொறந்து வெச்சது அப்பன்தான் சாமி. அம்மா இல்ல." தண்ணீரைத் தட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். ஏன் மூடவில்லை என்று கேட்டாள். மறந்துவிட்டேன் என்றேன். மறுபடி தண்ணீரைத் தட்டிக்கொண்டே, "இன்னைக்கு மூடிட்டீங்களா?" என்றாள்.

மூடியதாகத்தான் நினைப்பு. ஆனாலும் அவளை ஈரத்தோடு தூக்கிக்கொண்டு வெளியே போய் அடுப்பைக் காட்டினேன். கீல் மூடி விழுந்து மூடியிருந்தது. கையால் அமுக்கிப் பார்த்தாள். அதிலிருந்து தினம் இரண்டு வேளையும் கேட்கிறாள். தினமும் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுகிறேன். காட்டின பிறகுதான் தண்ணீரில் இறங்குவாள்.

கத்தல் குறையவில்லை. ஆனால் இரண்டு நாளாகக் கத்திக்கொண்டே என் தோளைப் பிடித்துக்கொள்கிறாள். அம்மா எப்போது வரும் என்று கேட்கிறாள். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கிறேன். தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மனம் வரவில்லை.

காளியண்ணன்


குகை, சேலம்,
8-5-1937

மாமாவுக்கு.

கடிதத்தை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். பாதியில் என்னால் படிக்க முடியவில்லை, மீதியை அவர் படித்தார்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். அந்த எட்டு மாதம் எனக்குள் அப்படியே இருக்கிறது. அது எப்போது கரையும், கரையுமா என்பதும் தெரியவில்லை. அங்கே வந்த பிறகு சில நாள் உங்களோடு பேசாமல் இருப்பேன். காரணம் கேட்க வேண்டாம்.

உங்கள் அக்காவை எங்கேயும் அனுப்ப வேண்டாம். அவர் என்னிடம் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் அவரே யோசித்துச் சொல்லட்டும். ஊரில் யாராவது உங்களை நல்ல புருஷன் என்று என் எதிரில் புகழ்ந்தால், நடந்தது என்ன என்று நானே அவர்களிடம் சொல்லிவிடுவேன்.

வெள்ளிக்கிழமை காலை நாமக்கல் பஸ்ஸில் வருகிறேன். வண்டி அனுப்ப வேண்டாம், நடந்துவிடுவேன். பஸ் வருகிற நேரம் அவள் குளிக்கிற நேரம். எனக்காக அதைத் தள்ளி வைக்க வேண்டாம்.

நான் வந்துவிட்டேன் என்று நீங்கள் காட்டுக்குப் போய்விடவும் கூடாது. காலையிலும் சாயங்காலமும் நீங்கள்தான் ஊற்ற வேண்டும், நீங்கள்தான் நீவ வேண்டும், டாக்டர் சொன்ன இரண்டு வருஷமும். நான் பக்கத்தில் இருப்பேன். கதவுக்கு உள்ளேயா வெளியேயா என்பதை வந்து நின்று பார்த்தால்தான் எனக்கே தெரியும்.

அத்தாயி